பத்து நாள் கெடு: பரவல் தரவுத்தளங்களைக் கண்காணிப்பது பற்றி

நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு வாங்கிவிட்டுக் கைப்பேசியில் பணம் அனுப்பும்போதோ, கோடை விழாவுக்காக ஏற்காட்டில் அறை பதிவு செய்யும்போதோ, "சர்வர் டவுன்" என்ற பதிலைக் கேட்டிராதவர்கள் நம்மில் குறைவு. தரவு முழுவதும் ஒரே கணினியில் இருந்தால், அது நின்றவுடன் எல்லாம் நின்றுவிடும். ஆகவே அதே தரவைப் பல கணினிகளில் படியெடுத்து வைத்து, ஒன்று படுத்தாலும் மற்றவை பதில் சொல்லும்படி அமைக்கிறார்கள். இவையே பரவல் தரவுத்தளங்கள். வழக்கமான உறவு-அட்டவணை முறையிலிருந்து விலகிய, நோ-எஸ்க்யூஎல் எனப்படும் இத்தகைய தரவுத்தளங்களில் ஒன்று கசாண்ட்ரா. கூகுள் 2006 இலும் அமேசான் 2007 இலும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் கருத்துகளை இணைத்து பேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2008 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நான் பல ஆண்டுகளாகப் புழங்கிவருவது இதில்தான் என்பதால், இன்று இதை வைத்தே பேசுகிறேன்.

வானொலியில் படம் வரைந்து காட்ட வழியில்லை. லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் ஒருவர், ஒரே பேரேட்டை மூன்று கணக்கர்களிடம் மூன்று இடங்களில் எழுதச் சொல்லியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூவரில் இருவர் எழுதிவிட்டதாகச் சொன்னால் வரவு உறுதி. கேட்கும்போதும் இருவரிடம் கேட்டால், அவர்களில் ஒருவராவது கடைசி வரவை எழுதியவராகத்தான் இருக்க முடியும். மூன்றாமவர் விடுப்பில் போனாலும் வியாபாரம் நிற்காது. மூன்றில் இரண்டு என்ற இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்திருங்கள்.

நிறுவுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் மூன்று சர்வர்களையும் ஒரே அறையில், ஒரே யு.பி.எஸ். இணைப்பில் வைத்துவிட்டு, பரவலாக அமைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் மூன்றும் சேர்ந்துதான் போகும். அடுத்து, கடிகாரங்கள். இரு பதிவுகள் முரண்பட்டால் எதன் நேரம் பிந்தியதோ அதையே கசாண்ட்ரா ஏற்றுக்கொள்கிறது. ஒரு கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால், அதில் பதிந்த தவறான தொகையை இரண்டு நிமிடம் கழித்து வேறொரு கணினியில் திருத்தினாலும், அந்தத் திருத்தம் தோற்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இனி நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுக்காத ஒரு செய்திக்கு வருகிறேன். சேர்வராயன் மலைக்குக் கிழக்கே ஒரு சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை; பெயர் வேண்டாம். ஆலையில் ஒரு சர்வர், சேலம் அலுவலகத்தில் ஒன்று, உரிமையாளரின் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒன்று என்று முறையாகவே அமைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து இணைய இழை அறுந்தது; மலைமேல் இருந்த சர்வர் இரண்டு வாரங்களுக்கும் மேல் துண்டித்துக் கிடந்தது. கீழே இரண்டும் ஓடியதால் மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வழக்கம்போல எடை போட்டுப் போய்க்கொண்டிருந்தன. இழையைச் சரிசெய்ததும் மூன்றாவது சர்வரும் வந்து சேர்ந்தது. கணினிகளின் நிலையைக் காட்டும் நோட்டூல் ஸ்டேட்டஸ் கட்டளையைத் தட்டினால் மூன்று வரியிலும் யு.என்., அதாவது உயிரோடும் இயல்பாகவும் இருப்பதாக விடை. எல்லோருக்கும் நிம்மதி.

சில நாட்களில் ஆலையின் மூத்த கணக்கர் டோக்கன் கட்டோடு என் முன் வந்து நின்றார். ஒரு லோடுக்கு, கிழங்கின் விலையைத் தீர்மானிக்கும் மாவுச்சத்துப் பாயிண்டைத் தவறாகப் பதிந்து, பிறகு அதை அழித்துவிட்டு, வேறு டோக்கன் போட்டிருந்தார்கள். பழைய டோக்கனின் குறுக்கே சிவப்பு மையில் கோடு கிழித்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டிருந்தார். திரையிலோ இரண்டு டோக்கன்களும் பணம் பட்டுவாடாவுக்குக் காத்திருந்தன. "தம்பி, இதை நானே அழிச்சேன். மறுபடி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கசாண்ட்ராவில் ஒரு பதிவை அழித்தால், அது உடனே மறைந்துவிடுவதில்லை. அழிக்கப்பட்டது என்ற குறி ஒன்று எழுதப்படுகிறது. மண்டிப் பேரேட்டில் வரியின் மீது கோடு போடுவதைப் போன்றதே அது. துண்டித்த கணினிக்குச் சேர வேண்டியவற்றை மற்றவை, நாம் மாற்றாதவரை, மூன்று மணி நேரம் வரைதான் குறித்து வைக்கும். அழிப்புக் குறி பத்து நாள் காக்கப்படும். ஒவ்வொரு அட்டவணையின் அமைப்பிலும் 8,64,000 வினாடி என்றிருப்பது இதுதான். கெடு முடிந்தபின் இடத்தை மிச்சப்படுத்தும் வேலையில் குறியும் துடைக்கப்பட்டுவிடும். இரண்டு வாரம் கழித்து வந்த மலைச் சர்வரில் பழைய டோக்கன் அப்படியே இருந்தது. கீழே இருந்தவற்றில் டோக்கனும் இல்லை, அழித்த குறியும் இல்லை. ஒன்று இருக்கிறது என்கிறது, மற்றது ஒன்றும் சொல்லவில்லை என்றால் இருக்கிறது என்பதே செல்லும். அந்தப் பதிவு மற்ற இரண்டுக்கும் படியெடுக்கப்பட்டது.

மீண்டும் சொல்கிறேன்: பத்து நாளுக்கு மேல் துண்டித்துக் கிடந்த கணினியை அப்படியே கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. அதன் தரவைத் துடைத்துவிட்டுப் புதிய கணினியாகவே சேர்க்க வேண்டும். அங்கும் அதைத்தான் செய்தோம். திரும்பி வந்த பதிவுகளை, கணக்கரின் சிவப்புக் கோடுகளை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அழித்தோம். துண்டிப்பே நேராத இடத்திலும், வேலைப் பளுவில் ஒரு கணினி ஓர் அழிப்பைத் தவறவிடலாம். ஆகவே படிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் என்ற வேலையைப் பத்து நாள் கெடுவுக்குள் ஒவ்வொரு கணினியிலும் ஓட்டி முடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது வசதி. கண்காணிப்புத் திரையில் உயிரோடு இருக்கிறதா என்ற பச்சை விளக்கைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். ரிப்பேர் கடைசியாக முடிந்த தேதியை வைத்திருப்பவர்களைக் காண்பது அரிது. என்னைக் கேட்டால் திரையின் முதல் வரியாக அந்தத் தேதிதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வரியில் பதில் வரும் வேகம் இருக்கட்டும். ஆனால் சராசரியை நம்பாதீர்கள். ஆயிரம் கோரிக்கைகளில் 980 மூன்று மில்லிவினாடியிலும் 20 இரண்டு முழு வினாடியிலும் முடிந்தால், சராசரி 43 மில்லிவினாடி என்று அழகாகத் தெரியும். அந்த இருபது பேர் திரையைப் பார்த்தபடி காத்திருந்தது அதில் தெரியாது. நூற்றில் தொண்ணூற்றொன்பதாவது இடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதையே பாருங்கள். புரோமித்தியஸ், கிராபனா போன்ற இலவச மென்பொருள்கள் இதைக் கோடாக வரைந்தே காட்டும்.

நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். தரவைச் சேமிக்கும் வட்டு நிறைவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பாதி நிறைந்ததுமே எச்சரிக்கை வரும்படி வையுங்கள், ஏனென்றால் பழைய கோப்புகளை ஒன்றாக்கும்போது ஏறக்குறைய அதே அளவு காலியிடம் தற்காலிகமாகத் தேவைப்படலாம். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த, மாங்கோடிபி என்ற வேறொரு வகைத் தரவுத்தளங்கள் 2017 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது. ஆகவே கடவுச்சொல், வெளியார் நுழைவைத் தடுக்கும் பயர்வால் இரண்டும் முதல் நாளே வேண்டும். மூன்று படி இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்; தவறான அழிப்பு மூன்றுக்கும் போய்ச் சேரும். நன்றி, வணக்கம்.