தனுஷ்கோடியில் மதியச் சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் கோயிலைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்பதில்லை. அதற்கு வழிகாட்ட ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "தனுஷ்கோடிக்குக் கிளம்பிட்டோம், மதியம் எங்கே சாப்பிடறது?" வானொலி நிலையத்தார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, இதையே பேசிவிடலாம் என்று தோன்றியது.

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இருபுறமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே அலையடிப்பதை ஆண்கடல் என்பார்கள். நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் இந்தத் தார்ச்சாலை வந்தது 2017இல்தான். அதற்கு முன்பு சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். மேற்கொண்டு வேனிலோ ஜீப்பிலோ தொற்றிக்கொண்டு, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும்.

இங்கே பெயர்ப்பலகை மாட்டிய பெரிய உணவகத்தைத் தேடாதீர்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே போய்விட்டது. ரயில் நிலையம், மாதா கோயில், வீடுகள் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த யாரும் திரும்பவில்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் கடலை விட்டுப் போகவில்லை. இன்று இடிந்த மாதா கோயிலைச் சுற்றியும் கம்பிப்பாடு என்கிற மீனவர் குடியிருப்புப் பக்கமும் நீங்கள் பார்க்கிற ஓலைக் கொட்டகைகள் அவர்களுடையவை. சாப்பாடும் அங்கேதான்.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியில் சாப்பிடுவதென்றால், அன்று வலையில் என்ன விழுந்ததோ அதைச் சாப்பிடுங்கள். இந்த ஒரு விஷயம் சரியாக இருந்தால் எந்தக் கொட்டகையில் உட்கார்ந்தாலும் நன்றாகவே சாப்பிடலாம்.

இதற்குக் காரணம் கரைவலை. இங்கே இன்னும் கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு ஒரு படகு கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, இன்னொரு முனையோடு கொஞ்சம் தள்ளிக் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒரே தாளத்தில் கால் பதித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் வலையின் பையான மடி கரைக்கு வரும்போது உள்ளே பல ஜாதி மீனும் கலந்து துள்ளும்: சூடை, காரல், நெத்திலி, முரல், நகரை, அதிர்ஷ்டம் இருந்தால் நாலு கணவாய். காற்று மாறினால் இவர்கள் கடலையும் மாற்றிக்கொள்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். வலையைத் தெற்கே கொண்டுபோவார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே நிற்க முடியாது; வலை வடக்கே வந்துவிடும். ஊர் ஒரு மணல்துண்டு என்பதால் இது முடிகிறது. ஒரு கடல் கைவிட்டால் நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு கடல்.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே போய் உட்கார்ந்ததும் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு மீன் என்றால் வஞ்சிரம், அதை விட்டால் இறால். கேட்கிறீர்களே என்பதற்காக எங்கிருந்தாவது வாங்கி வைப்பார்கள், ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. "அக்கா, இன்னைக்கு வலையில என்ன பட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகமே மாறிவிடும்.

நான் வழக்கமாகப் போகிற கொட்டகை ஒன்று உண்டு. அதன் அக்கா என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இன்னைக்கு நகரை நல்லா இருக்கு" என்று அலுமினியச் சட்டியைத் திறந்து காட்டுவார். நகரை சிவப்பாக, உள்ளங்கை நீளம்கூட இருக்காது. வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போடுவார். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், தட்டிய பூண்டு, அவ்வளவுதான் மசாலா. கலர்ப்பொடி கிடையாது. அடுப்பு மூன்று கல். எரிப்பது சீமைக்கருவேல விறகு. காற்று ஒரு நிமிடம் ஓயாது என்பதால் காற்றடிக்கிற பக்கம் பனையோலைத் தட்டி கட்டியிருப்பார். காற்று திசை மாறும்போது சமைத்துக்கொண்டிருந்தபடியே இடது கையால் தட்டியை நகர்த்தி வைப்பார். இரும்புக் கல் காய்ந்ததும் மீனை வாலைப் பிடித்து இறக்குவார். முதல் பக்கம் நன்றாக முறுகும்வரை தொடவே மாட்டார். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும் என்பார். திருப்பிய பிறகு கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு எடுத்தால், முள்ளைக்கூட மென்று தின்னலாம்.

கூடவே சோறும் குழம்பும். குழம்புக்கு அன்றைய பொடிமீன்தான், பெரும்பாலும் சூடை. புளி தூக்கலாக, மிளகாய் தூக்கலாக இருக்கும். காரம் தாங்காத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரசம் வைத்துத் தருகிற வீடுகளும் உண்டு. குடிதண்ணீரை மட்டும் நீங்களே கொண்டு போங்கள். இந்த ஊர் மணலில் கொஞ்சம் தோண்டினாலே உப்பில்லாத ஊற்று கிடைக்கும், தலைமுறைகளாக இவர்கள் குடிப்பது அதைத்தான். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணீர். நான் குடித்திருக்கிறேன், இனிக்கும். ஆனால் அந்த ஊற்று அவர்களுக்கே அளந்துதான் ஊறுகிறது. வெயில் காலத்தில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒரு சொம்பு கேட்கவே நமக்கு மனசு வராது.

ஒருமுறை எனக்கு ஒரு கஷ்டம் நேர்ந்தது. கூட்டமான ஞாயிற்றுக்கிழமை, அக்கா கடை நிரம்பிவிட்டது என்று வேறொரு இடத்தில் உட்கார்ந்தோம். சிவக்கச் சிவக்க மசாலா பூசிய மீனைத் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாப்பிட்ட என் அக்கா மகனுக்கு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. காலையில் பூசி வெயிலில் வைத்த மீன் அது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: முன்னாலேயே மசாலா பூசி வைத்த மீனைத் தொடுவதில்லை. "பச்சை மீனைக் காட்டுங்க" என்று கேட்பேன். கண் தெளிவாக வெளியே தள்ளியிருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. காட்டத் தயங்குகிற இடத்தில் உட்கார வேண்டாம். விலையையும் அப்போதே, ஒரு மீனுக்கா ஒரு தட்டுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தடைக்காலத்தில் மீன் கிடைக்குமா என்று பலருக்குச் சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் கரைவலையும் ஓடும். சொல்லப்போனால் கொட்டகைச் சாப்பாட்டுக்கு அது நல்ல காலம். விடுமுறைக் கூட்டம் மட்டும் அதிகமாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள், குறிப்பாகத் தீர்த்தமாடிவிட்டு வருகிறவர்கள், ராமேஸ்வரத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. இங்கே மாங்காய்க் கீற்று, வெள்ளரி, கோடையில் நுங்கு, தை மாதத்தில் பனங்கிழங்கு என்று வழிநெடுக ஏதாவது கிடைக்கும், வயிறு நிறையாது. பனங்கிழங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தீவின் மணலில் விளைந்த கிழங்குக்கு ஒரு தனி மாவு ருசி உண்டு.

நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குள் கொட்டகைக்குப் போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம் அரிச்சல்முனைக்குப் போய், இரண்டு கடலும் சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பினால் சோறு சூடாக இருக்கும். சொல்லாமல் மூன்று மணிக்குப் போய் நின்றால் குழம்பின் அடிதான் மிஞ்சும். பொழுது சாய்வதற்குள் போலீஸார் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் சில்லறையாகப் பணம் இருக்கட்டும். கிளம்பும்போது நெத்திலிக் கருவாடு கேளுங்கள். மணலில் வலை விரித்துக் காயவைத்ததைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தருவார்கள். காருக்குள் வைக்காதீர்கள், டிக்கியில் வையுங்கள். மதுரை போய்ச் சேரும்வரை வாசம் போகாது.

நன்றி, வணக்கம்.