அடிமை எஜமானுக்காக வாதாடிய தாடியஸ் ஸ்டீவன்ஸ்: நேயர் கேள்விக்குப் பதில்

போன வீடியோவில் 19-ம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றிச் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு நேயர், "அடிமைமுறையை எதிர்த்தவர் என்கிறீர்களே, வக்கீலாக இருந்தபோது ஒரு அடிமை எஜமானுக்காக வாதாடி ஜெயித்தவர்தானே அவர்?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், ஜெயித்தார். அதை மறைக்கக் கூடாது.

அவர் வெர்மான்ட்டில் 1792-ல் பிறந்தவர், பிறவியிலேயே ஒரு கால் வளைந்தவர். பென்சில்வேனியாவுக்கு வந்து கெட்டிஸ்பர்க்கில் 1816-ல் தொழிலைத் தொடங்கினார். நீங்கள் கேட்கும் வழக்கு 1821-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருந்தது, வெளியூர் எஜமான் தன் அடிமையை அங்கே கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஆள் விடுதலை ஆகிவிடலாம். சாரிட்டி பட்லர் என்ற பெண், தன்னை அடிமைமுறை இருந்த பக்கத்து மாநிலமான மேரிலாந்திலிருந்து பலமுறை அழைத்து வந்தார்கள், அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டுகிறது என்று விடுதலை கேட்டார். ஸ்டீவன்ஸ் எஜமான் பக்கம் நின்று, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டு விட்டு வந்ததைக் கூட்டக் கூடாது என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளாகவே போனார்கள். கட்சிக்காரருக்காக வக்கீல் பேசுவது தொழில்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், எனக்கு அது போதவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவர் போன வழியையும் பார்க்க வேண்டும். தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நின்றார். 1833-ல் மாநிலச் சட்டசபைக்குப் போனார், இலவசப் பள்ளிச் சட்டத்தை மற்றவர்கள் ரத்து செய்ய முயன்றபோது 1835-ல் பேசி அதைக் காப்பாற்றினார். 1838-ல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்தது என்பதற்காக அதில் கையெழுத்தே போடவில்லை. அப்புறம் லங்காஸ்டருக்குக் குடிபோனார். 1851-ல் பக்கத்து ஊரான கிறிஸ்டியானாவில், தப்பியவர்களைப் பிடிக்க வந்த ஒரு எஜமான் மோதலில் இறந்துபோனார், பிடிக்க உதவ மறுத்த வெள்ளைக்காரர் ஒருவர் மீது தேசத்துரோக வழக்கே போட்டார்கள். அவரைக் காப்பாற்றிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர்.

பிறகு வாஷிங்டன். அடிமைமுறையை விடாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் நிதிக் குழுவுக்கு அவர்தான் தலைவர், போருக்கான பணம் அவர் கை வழியாகத்தான் போனது. 1863-ல் தெற்குப் படை அவருடைய இரும்பு ஆலையை எரித்தது. அடிமைமுறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தத்துக்காக உழைத்தார். 14-வது திருத்தம் எல்லோருக்கும் சட்டப் பாதுகாப்புத் தந்தது, ஆனால் வாக்குரிமையை நேரடியாகத் தரவில்லை, அது அவருக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தும் 1866-ல் ஆதரித்தார், தான் தேவதைகளோடு அல்ல, மனிதர்களோடு வாழ்கிறேன் என்று காரணம் சொன்னார். தெற்கத்திப் பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலையான குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். அது நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1868 ஆகஸ்டில் இறந்தார். வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த இடுகாடுகளை ஒதுக்கி, எல்லோரையும் புதைக்கும் ஒரு சின்ன இடுகாட்டை லங்காஸ்டரில் அவரே தேர்ந்தெடுத்திருந்தார். ஏன் அங்கே படுத்திருக்கிறார் என்ற காரணம் கல்லறையிலேயே செதுக்கியிருக்கிறது. சரி, அடுத்த கேள்வி.