மொய் நோட்டிலிருந்து எடுத்த நூறு பெயர்கள்

(புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய பேராசிரியர் ‘சங்கிலித் தொடர் வியாபாரத்தில் பாதிக்கப்பட்டவர்’ என்று சொன்னார். நல்ல மனிதர், அதனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 19 பேரை அதில் சேர்த்துவிட்டவனும் நான்தான். அதில் 11 பேர் சொந்தக்காரர்கள்.

எனக்கு ஆலங்குடிப் பக்கம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆடி மாதம் வந்தால் இன்னொரு வேலையும் உண்டு, மொய் எழுதுவது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே நிறைய இருப்பீர்கள், உங்களுக்கு மொய் விருந்தை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே பணத்துக்காக வைக்கிற விருந்து இது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கிப் போடும். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். நான்கைந்து ஆண்டு கழித்து அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். முன்னது பழைய நடை, பின்னது புது நடை. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. ஒரு நோட்டு மட்டும்தான். அந்த நோட்டை எழுதுகிறவன் ஒரு பூஜ்யத்தைக் கூட்டியோ குறைத்தோ போட்டால் இரண்டு குடும்பம் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ளாது. ஆகவே ஊரில் யாரை வேண்டுமானாலும் அந்த மேசையில் உட்காரவைக்க மாட்டார்கள்.

என்னை உட்காரவைத்தார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னிடமிருந்து அந்தக் கம்பெனி எதை வாங்கியது என்று புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

2011-ல் என்னோடு படித்தவன் ஒருவன் போன் செய்தான். ஏழு வருடமாகப் பேச்சே இல்லை. “ஒரு பிசினஸ் விஷயம், போனில் சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு வா” என்றான். என்ன விஷயம் என்று கேட்டேன். “நேரில் வா, வாழ்க்கை மாறிடும்” என்றான். போனில் சொல்ல முடியாத தொழில் என்ன தொழில் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை, போய்விட்டேன்.

மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல், மாடியில் ஏசி ஹால். சித்திரை வெயிலில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு முப்பது பேர். ஒவ்வொருவரும் வந்து கை கொடுக்கிறார்கள். என்னை அதுவரை ‘சார்’ என்று கூப்பிட்டவர்கள் உர மூட்டைக்குக் கடன் கேட்க வந்தவர்கள் மட்டும்தான். அங்கே சும்மாவே கூப்பிட்டார்கள். ஒரு பஸ் கண்டக்டர் மேடையேறினார், அப்புறம் ஒரு நர்ஸ், அப்புறம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். ஆளுக்கு ஒரு செக்கின் நகலை லேமினேட் செய்து கையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூன்றாவது ஆளுக்கு நானும் எழுந்து நின்றேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாக எழுந்துகொண்டது.

பிறகு ஒருவர் வெள்ளைப் பலகையில் பிளான் காட்டினார். “நீங்கள் ஆறு பேரைச் சேர்த்தால் போதும். அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேர்.” 6, 36, 216, 1,296 என்று எழுதினார். நாலு வரிசையில் பலகை நிறைந்துவிட்டது. அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காரின் படத்தை ஒட்டினார். தினமும் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், ஐந்தாவது வரிசையில் என்ன வரும் என்று கேட்கவே இல்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐடி போட, அதாவது உறுப்பினர் எண் வாங்கிச் சேர, 9,000 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் என்று சொல்ல மாட்டார்கள், பொருளின் விலை என்பார்கள். எனக்குக் கிடைத்த பொருள், நோனிச் சாறு ஆறு பாட்டில், பற்பசை நாலு, தைக்காத கோட்டுத் துணி ஒன்று. அந்தத் துணி இன்னும் தைக்காமல்தான் இருக்கிறது.

சேர்ந்த அன்றைக்கே அப்லைன் ஒரு வேலை கொடுத்தார். எனக்கு மேலே இருக்கிறவருக்கு அப்லைன் என்று பெயர். தெரிந்தவர்கள் 100 பேரைப் பட்டியல் போட வேண்டும். நாற்பதோடு எனக்கு நின்றுவிட்டது. “வீட்டில் கல்யாண மொய் நோட்டு இருக்குமே, அதை எடுங்க பிரதர்” என்றார். என் கல்யாணத்து நோட்டை பீரோவிலிருந்து எடுத்து, துணி பிரித்து, பாயில் உட்கார்ந்து பெயர்களை எழுதினேன். எனக்கு 500 செய்தவர், 1,000 செய்தவர், தாய்மாமன் முறைக்குச் சங்கிலி போட்டவர். யாரிடம் பணம் இருக்கிறது, யார் என் சொல்லைத் தட்ட மாட்டார்கள் என்று அந்த நோட்டைவிடத் துல்லியமாக வேறெதுவும் காட்டாது. அப்லைனுக்கு அது தெரிந்திருந்தது. அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நான் நேராகச் சேர்த்தது ஏழு பேர். அவர்கள் மூலமாக வந்தது 12 பேர். சித்தப்பாவிடம் நான் பிளானை முழுதாகக்கூடச் சொல்லவில்லை. “நீ கணக்குப் பார்த்துட்டியாப்பா?” என்று கேட்டார். “பார்த்துட்டேன் சித்தப்பா” என்றேன். அவ்வளவுதான். உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார்.

அந்தக் கணக்கை நான் உண்மையிலேயே பார்த்தது இரண்டு வருடம் ஆகப்போகிற சமயத்தில். கடையில் மின்சாரம் இல்லாத ஒரு மத்தியானம், உர பில்லின் பின்பக்கத்தில், அவர் அழித்த இடத்திலிருந்து தொடர்ந்து ஆறால் பெருக்கிக்கொண்டே போனேன். பத்தாவது வரிசையில் 6,04,66,176 பேர் வருகிறார்கள். உச்சியில் இருக்கிற ஒருவரிலிருந்து எல்லாரையும் கூட்டினால் 7,25,59,411. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030. தொட்டில் பிள்ளை, படுத்த படுக்கையாகக் கிடக்கிற பாட்டி, முதலமைச்சர், நீங்கள், நான் எல்லோரும் ஆளுக்கு 9,000 கட்டிச் சேர்ந்தாலும் பத்தாவது வரிசை நிரம்பாது, நாலு லட்சம் பேருக்கு மேல் குறையும்.

அதைவிட என்னை அதிரவைத்தது இன்னொன்று. பத்து வரிசை வரை போக வேண்டாம், எந்த வரிசையில் நிறுத்தினாலும் சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் இருக்காது. அவர்கள் சோம்பேறி என்பதற்காக இல்லை, உழைக்கவில்லை என்பதற்காக இல்லை. கணக்கே அப்படி. மேடையில் சொல்வார்கள், “ஜெயிக்கிறவன் விடமாட்டான், விடுகிறவன் ஜெயிக்கமாட்டான்” என்று. எல்லோருமே விடாமல் உழைத்தாலும் ஆறில் ஐந்து பேர் தோற்றே ஆக வேண்டிய ஆட்டம் அது.

என் சொந்தக் கணக்கையும் அதே பில்லில் எழுதினேன். ஐடிக்கு 9,000. ‘ஆக்டிவ்’ ஆக இருக்க மாதம் 1,800 ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அந்த மாதம் கமிஷன் வராது. அது 22 மாதத்துக்கு 39,600. திருச்சிக்கும் மதுரைக்கும் கூட்டத்துக்குப் போய் வந்தது, டிக்கெட், ஹால் வாடகையில் என் பங்கு, இரண்டு முழுக்கைச் சட்டை, ஒரு ஷூ என்று 27,300. மொத்தம் 75,900. கமிஷனாக வந்த செக்குகள் 31,450. அந்த 31,450-ஐத்தான் நான் ஊரெல்லாம் காட்டினேன். லேமினேட் செய்தும் வைத்திருந்தேன். 75,900 எந்தக் காகிதத்திலும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் நோனிச் சாறு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இருந்தது. அமெரிக்காவில் ஆம்வே கம்பெனி மீது அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் ஒரு வழக்கு நடத்தி 1979-ல் தீர்ப்புச் சொன்னது. அதை ஆள் சேர்ப்பதிலேயே பணம் பண்ணும் மோசடிப் பிரமிடு அல்ல என்று விட்டதற்கு ஒரு காரணம், எடுத்த சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனி விதி வைத்திருந்தது. அந்த விதியை அவர்கள் எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. அந்தச் சண்டையில் எது சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி: சங்கிலியில் இல்லாத ஒரு ஆள், காசு கொடுத்து, அந்தப் பாட்டிலை அந்த விலைக்கு வாங்குவானா? என் கட்டில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழலவிடும் திட்டங்களை 1978-லேயே தடை செய்து மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை. கடை இல்லாமல் ஆள் மூலமாக விற்கிற நேரடி விற்பனைக்கு 2016-ல் வந்த வழிகாட்டு நெறிமுறை சேர்க்கைக் கட்டணம் கூடாது என்றது. நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடு நடத்தக்கூடாது என்று 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதியும் வந்துவிட்டது. ஆனால் 1978 சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேருவதும் குற்றம். அப்போது எனக்கு இதைச் சொன்ன வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்கவில்லை. போலீஸுக்குப் போனால் சித்தப்பாவின் பெயரையும் நான்தானே எழுதிக்கொடுக்க வேண்டும்? கமிஷன் வாங்கியவன் என்று என் பெயர்தானே முதலில் வரும்? இப்படி ஒவ்வொருவனும் தனக்குக் கீழே இருக்கிறவனை நினைத்து வாயை மூடிக்கொள்வதால்தான் இந்தக் கடைகள் சத்தமில்லாமல் மூடி, வேறு பெயரில் திறக்கின்றன.

வெளியே வருவது என்றால் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது இல்லை. ஒரு மாதம் 1,800 கட்டாவிட்டால் போதும், கம்பெனி உங்களை மறந்துவிடும். தினமும் காலை ஐந்து மணிக்கு ஊக்கமாக எஸ்எம்எஸ் அனுப்பிய அப்லைன், இரண்டாவது மாதம் என் போனையே எடுக்கவில்லை. பிரதர் என்று கூப்பிட்ட முப்பது பேரில் ஒருவரும் எடுக்கவில்லை. அது ஒரு நாளில் முடிந்துவிட்டது. ஏழு வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்குத்தான் எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

மச்சானிடம், என் மனைவியின் தம்பியிடம், முதலில் சொன்னேன். அவன் அதற்குள் தன் நண்பர்கள் ஐந்து பேரைப் போட்டிருந்தான். “நீங்க நெகட்டிவா பேசுறீங்க மச்சான்” என்றான். அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். கேள்வி கேட்கிறவனை நெகட்டிவ் என்று சொல்லி ஒதுக்கு என்று நான் அவனுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அவன் பிறகு வேறொரு கம்பெனிக்குப் போனான். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

கடைசியாக அத்தை. தனியாக இருக்கிறவர். இரண்டு ஆட்டை விற்று 9,000 கொடுத்திருந்தார். அந்தச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, நாறுகிறது என்று அடுக்கில் தூக்கி வைத்திருந்தார். கம்பெனி சரியில்லை, நானும் விட்டுவிட்டேன் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “சரிப்பா, அந்தக் காசை எப்போ திருப்பிச் செய்வாங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு அது மொய். மொய் எழுதுகிற பிள்ளை வந்து கேட்டது, கொடுத்தார். இன்றைக்கு நாம் போடுகிறோம், ஒரு நாள் திரும்பி வரும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் அவரிடம் அப்லைன், டவுன்லைன் என்று அரை மணி நேரம் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவே இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை, ஏழாவது ஐடி எனக்குத் தேவையாக இருந்தது. மொய்யில் எனக்குக் கொடுத்தவருக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். இதில் அத்தையின் காசு, முகம் தெரியாத எவரோ ஒருவரின் செக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. கொஞ்சம் என் செக்கிலும்.

மாதம் 1,000 ஆக ஒன்பது மாதத்தில் அத்தைக்குக் கொடுத்து முடித்தேன். மற்றவர்களுக்கு முழுதாகக் கொடுக்க என்னால் முடியவில்லை. மூன்று பேருக்குப் பாதி கொடுத்தேன். இரண்டு பேர் வாங்க மறுத்துவிட்டார்கள். அது கொடுப்பதைவிடக் கஷ்டம்.

உங்களுக்கு இப்போது ஏசி ஹால் வராது, டெலிகிராமில் வரும், இன்ஸ்டாகிராமில் வரும், விளம்பரம் பார்த்தால் காசு என்று வரும். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடுதியில் பக்கத்து அறைப் பையன்தான் கேட்பான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவன் அயோக்கியனாக இருக்க மாட்டான். அவனிடம் அந்த ஐந்தாவது வரிசையைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நாலு ஆடி வந்து போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. மொய் எழுத மட்டும் கூப்பிடவில்லை. பந்தலுக்குப் போவேன், சாப்பிடுவேன், வரிசையில் நின்று மொய் செய்வேன். மேசையில் வேறொரு பையன் உட்கார்ந்து, “பேரு, ஊரு?” என்று நிமிராமல் கேட்பான். சொல்லிவிட்டு வருவேன்.

ஐந்தாவது வருடம் அத்தை, மூன்று குடும்பத்தோடு சேர்ந்து விருந்து வைத்தார். முதல் நாள் ஆள் அனுப்பினார். போனேன். வெள்ளை நோட்டு ஒன்றை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். பிள்ளையார் சுழியை அவரே போட்டிருந்தார், கொஞ்சம் கோணலாக. “நீதான் எழுதணும்” என்றார். பிறகு, “ராத்திரி நோட்டு என்கிட்டதான் இருக்கும். எழுதிட்டு வச்சிட்டுப் போ” என்றார்.

சரி அத்தை என்றேன்.