மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு
(செவிலியர் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பு மாணவ மாணவியரே, வணக்கம்.

சென்ற வாரம் தேர்வு முடிவுகள் வெளியான இரவு, விடுதியில் பாதிப் பேர் சாப்பிட வரவில்லை என்று உங்கள் காப்பாளர் என்னிடம் வருத்தப்பட்டார். அதைக் கேட்ட பிறகு, இன்று பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்த தலைப்பை விட்டுவிட்டு, குறைந்த மதிப்பெண் தரும் வருத்தத்தைப் பற்றிப் பேச உங்கள் முதல்வரிடம் அனுமதி பெற்றேன்.

நான் செவிலியப் படிப்பின் முதலாம் ஆண்டில் உயிர்வேதியியலில் தோற்றவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, எடுத்த எடுப்பில் ஆங்கிலப் பாடநூலின் முன்னால் உட்கார்ந்த எனக்கு, ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. முடிவு வந்த அன்று அப்பா தொலைபேசியில் கேட்டபோது "இன்னும் வரலைப்பா" என்று சொன்னேன். என் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு ஒன்பது நாட்கள் ஒரு வரிகூடப் படிக்காமல் இருந்தேன். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கிவிட்டதைத் தோழி ஒருத்தி நினைவூட்டியிராவிட்டால் அதையும் தவறவிட்டிருப்பேன். தோற்றதால் இழந்ததைவிட, தோற்றதை மறைத்ததால் இழந்ததே எனக்கு அதிகம். ஆகவே, இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், இன்று மாலையே சொல்லிவிடுங்கள்.

உங்களில் சிலர் மருத்துவப் படிப்புக்கு முயன்று, இடம் கிடைக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்பதையும் அறிவேன். "கிடைத்த இதிலுமா குறைந்த மார்க்" என்ற கேள்வியை உறவினர்கள் கேட்காவிட்டாலும் மனம் கேட்கும். அந்த வலி உண்மையானது. அதை நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. சாப்பாடும் தூக்கமும் பல நாட்களாகப் போய்விட்டாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ, அன்றே உங்கள் ஆசிரியரிடம் வாருங்கள். அது முடியாவிட்டால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். மனநலச் செவிலியம் படிக்கும் நாம், நோயாளிக்குச் சொல்வதை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலோடு வருபவருக்கு வெப்பமானியைப் பார்த்துவிட்டு நாம் நின்றுவிடுவதில்லை. எதனால் என்று தேடுகிறோம். 49 மதிப்பெண்ணுக்குப் பின்னாலும் வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. பாடம் புரியாமல் போன 49 வேறு, புரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராத 49 வேறு, இரவுப் பணி முடித்து வந்து கண் செருகிய நிலையில் படித்ததால் வந்த 49 வேறு. எல்லாவற்றுக்கும் "இன்னும் கஷ்டப்பட்டுப் படி" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில், நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயின் விளைவாக இரத்தத்தில் அமிலம் மிகுந்துபோகும் கீட்டோ அமில மிகையைப் பற்றிய பெரிய வினா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவி வரையறை எழுதுகிறாள், காரணங்களை எழுதுகிறாள், அறிகுறிகளை எழுதுகிறாள், மருத்துவர் தரும் சிகிச்சையை ஒரு பக்கம் எழுதுகிறாள். செவிலியப் பராமரிப்பு என்ற தலைப்புக்கு வரும்போது, "நோயாளிக்கு ஓய்வு அளிக்க வேண்டும், ஆறுதல் கூற வேண்டும்" என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறாள். ஆனால் அதே மாணவி வார்டில் அந்த நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் சர்க்கரை அளவைப் பார்த்திருப்பாள், உள்ளே சென்ற திரவத்தையும் வெளியேறிய சிறுநீரையும் அட்டவணையில் குறித்திருப்பாள், இன்சுலின் செலுத்தும்போது பொட்டாசியம் குறையக்கூடும் என்பதால் இதயத்துடிப்பைக் கவனித்திருப்பாள். கையால் செய்ததைத் தாளில் எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்படி மதிப்பெண் இழப்பவர்களுக்குப் புதிதாகப் படிக்க வேண்டியது மிகக் குறைவு. பணி முடிந்து திரும்பிய அன்று மாலையே, பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, நூலைத் திறக்காமல், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்; எழுத வராத இடம் எதுவோ அதை மட்டும் பிறகு நூலில் தேடுங்கள். ஐந்து முறை வாசிப்பதைவிட ஒரு முறை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மனத்தில் அதிகம் நிற்கிறது என்பதை, நான் கற்பித்த ஒவ்வொரு தொகுதியிலும் கண்டிருக்கிறேன்.

மருந்துக் கணக்கும் அப்படியே. 1000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில், மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் ஏற்ற வேண்டுமானால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தவர் 2500 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார். சொட்டுக் கலத்தை நேரில் பார்த்துப் பழகிய கண், நிமிடத்துக்கு 2500 சொட்டு விழவே முடியாது என்று சொல்லிவிடும். அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது; தேர்வுக் கூடத்துக்கு அதையும் அழைத்துச் செல்லுங்கள்.

இனி, மேற்படிப்பு. "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எம்.எஸ்சி. போக முடியுமா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை, கணக்குச் சொல்கிறேன். எம்.எஸ்சி. செவிலியத்துக்கு இந்தியச் செவிலியர் மன்றம் கேட்பது பி.எஸ்சி.யில் மொத்தமாக 55 விழுக்காடு, செவிலியராகப் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம். எட்டுப் பருவங்களில் நான்கை முடித்திருக்கும் உங்கள் சராசரி 51 என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பருவங்களுக்கும் சம எடை என்று கொண்டால், மீதி நான்கில் 59 எடுத்தால் 55 வந்துவிடும். இன்னும் ஓராண்டு இப்படியே ஓட்டிவிட்டு விழித்தால், கடைசி இரண்டு பருவங்களில் 67 தேவைப்படும். 59 எட்டக்கூடியது, 67 கடினமானது. இந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

எல்லா வாசல்களும் கல்லூரி மதிப்பெண்ணால் மட்டும் திறப்பவை அல்ல. எய்ம்ஸ் நிறுவனங்களின் செவிலியர் பணிக்கான நார்செட் தேர்விலும், நம் மாநிலத்தின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்விலும், அன்று நீங்கள் எழுதும் விடைகளே பெரிதும் பேசும். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் நோயாளியின் அருகிலேயே நடப்பது, அங்கே ஐ.சி.யூ.வில் நீங்கள் கழித்த இரவுகளுக்கு மதிப்பு உண்டு. ஆயினும், மதிப்பெண்ணே வேண்டாம் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். 55 என்ற எல்லையைத் தாண்டாமல் எம்.எஸ்சி. இல்லை, எம்.எஸ்சி. இல்லாமல் செவிலியத்தில் முனைவர் பட்டமும் பேராசிரியர் பணியும் இல்லை.

துணைத்தேர்வில் நான் உயிர்வேதியியலைக் கடந்தேன் என்றாலும், அப்போதும் அது எனக்குப் புரிந்திருக்கவில்லை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஓர் இரவு, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிய ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். நுரையீரலில் கோளாறு இல்லை. இரத்த வாயுப் பரிசோதனையில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, இயல்பின் கீழ் எல்லையான 7.35-க்கு வெகு கீழே இருந்தது. இரத்தத்தில் சேர்ந்த அமிலத்தை ஈடுகட்டவே உடல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியே தள்ளுகிறது என்று மூத்த சிஸ்டர் ஒருவர், இன்சுலின் பம்பைச் சரிசெய்தபடியே, தமிழில், நான்கு வாக்கியங்களில் சொன்னார். ஓராண்டு முழுவதும் மனப்பாடம் செய்தும் பிடிபடாத பாடம் அந்தக் கட்டிலருகே பிடிபட்டது. விடியும்போது அந்த அம்மாவின் மூச்சு நிதானமானது. நான் மறுநாள் விடுமுறையில் அந்தப் பழைய உயிர்வேதியியல் நூலை எடுத்துவர வீட்டுக்குப் போனேன்.

நாளை மாலை 4 மணி முதல் உங்கள் நூலகத்தில் இருப்பேன். இரண்டு நாட்கள் இங்கே தங்குகிறேன். மதிப்பெண் பட்டியலை அறையிலேயே வைத்துவிட்டு, வினாத்தாளையும், நீங்கள் பராமரித்த நோயாளிகளின் குறிப்பேட்டையும் மட்டும் எடுத்து வாருங்கள். எந்த வினாவில் கை நின்றதோ அங்கிருந்து தொடங்குவோம்.