வாசலுக்கு முன்னால் ஒரு பலகை

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து அளித்த அருங்காட்சியகக் காப்பாளர் அவர்களே, வேலை நாளிலும் வந்து சிறப்பித்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். கலை எல்லோருக்கும் பொது என்று காப்பாளர் அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்கி, குழந்தைகளுக்காக ஒரே ஒரு நிபந்தனை கேட்கிறேன்: பாலியல் காட்சிகள் உள்ள அறைக்கு முன்பே, அதைச் சொல்லும் ஓர் எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

மூன்று செய்திகள்: எது பாலியல் கலை, யார் முடிவெடுப்பது, பிள்ளை கேட்டால் என்ன சொல்வது.

நிர்வாணம் வேறு, கலவிக் காட்சி வேறு. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைக்கு முன்னால் எந்தப் பிள்ளையின் கண்ணையும் பொத்த வேண்டாம். ஜப்பானிய ஷுங்கா ஓவியங்கள் கலவியையே கருப்பொருளாகக் கொண்டவை. அங்கே பெற்றோர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர அருங்காட்சியகத்தின் கதையைக் கேளுங்கள். எரிமலை வெடிப்பில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரங்களான பாம்பெய், ஹெர்குலேனியம் இரண்டையும் தோண்டியபோது பாலியல் சிற்பங்களும் சுவரோவியங்களும் ஏராளமாகக் கிடைத்தன. 1819இல், பின்னாளில் அரசரான முதலாம் பிரான்செஸ்கோ மனைவியோடும் மகளோடும் அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றின் முன்னால் நின்ற தகப்பனை நினைத்துப் பாருங்கள்! அத்தனையையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். வயது முதிர்ந்த, நல்லொழுக்கத்துக்குப் பெயர்பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. 1849இல் வாசலையே செங்கல் வைத்து அடைத்தார்கள். பிறகு திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். நிலையாகத் திறந்தது 2000ஆம் ஆண்டில்தான். சிறுவர்களுக்குப் பெரியவர் துணையோ எழுத்து அனுமதியோ வேண்டும் என்ற விதியோடு! வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இவர்கள் வெள்ளம் வந்தபின் ஆற்றையே மூடப் பார்த்தார்கள்.

2013இல் பிரிட்டிஷ் மியூசியம் ஷுங்கா கண்காட்சி வைத்தபோது, 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவரோடுதான் வரலாம் என்று முன்கூட்டியே அறிவித்தது. முடிவைப் பெற்றோர் கையில் கொடுப்பது என்றால் அதுதான்.

பலகையை அறைக்குள் மாட்டாதீர்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை பார்த்துவிடும். டிக்கெட் கவுன்ட்டரில் ஒன்று, அறைக்கு முந்தைய திருப்பத்தில் ஒன்று வையுங்கள். 'மனத்தைப் பாதிக்கலாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வன்முறையா, பாலியலா என்று யாருக்குத் தெரியும்? 'இந்த அறையில் உடலுறவுக் காட்சிகள் உள்ளன' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். திரை தொங்கவிட்டால் பிள்ளைகள் விலக்கித்தான் பார்ப்பார்கள். நுழைவில் ஒரு தடுப்புச் சுவரை வளைத்துக் கட்டுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த உயரத்துக்குக் குனிந்து, நடைபாதையிலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். எதிர்ச்சுவரின் கண்ணாடிப் பேழையில் பிரதிபலிப்பு விழும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. வேண்டாம் என்பவர்கள் அறையைச் சுற்றிப் போக மாற்றுவழி இல்லையென்றால் பலகை இருந்தும் பயனில்லை. பள்ளிச் சுற்றுலா என்றால் ஆசிரியர் முதல் நாளே தனியாக வந்து பார்க்கட்டும். வெள்ளம் வருமுன் அணை என்பது இந்த வேலைதான்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகாதீர்கள், கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

காப்பாளர் அவர்களே, அடுத்த கண்காட்சிக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே அந்தப் பலகையின் வாசகத்தையும் அதில் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.