புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்

வணக்கம் மக்களே. குரல் சரியாகக் கேட்கிறதா? வெளியே காற்று லேசாக ஆரம்பித்துவிட்டது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததிலிருந்து எனக்கு வருகிற மெசேஜ் எல்லாம் ஒரே கேள்விதான். "ப்ரோ, எங்கே கரையைக் கடக்கும்? சென்னையா, நெல்லூரா, பாண்டியா?" நம் ஊர் இல்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு தூங்கலாம், அப்படித்தானே?

இந்த ஊரில் இரண்டு பெரிய புயலை வீட்டுக்குள் இருந்து பார்த்தவன் நான். ஒன்று நேராக நம் தலைக்கு மேலேயே கடந்தது. இன்னொன்று சென்னையில் கடக்கவே இல்லை. என் வீட்டுக்குள் வந்தது அந்த இரண்டாவதுதான்.

முதலில் வர்தா. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. ஜெயலலிதா இறந்து ஒரு வாரம், பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம் சொச்சம். ஊரே ஏற்கெனவே ஒரு மாதிரி மந்தமாக இருந்தது, அதில் இது வேறு. அப்போது நாங்கள் புரசைவாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தோம். எங்கள் ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது. காலையிலிருந்து காற்று வடக்கே இருந்துதான். மழை மேலிருந்து விழவில்லை, படுக்கைவாட்டில் வந்தது. மூடிய ஜன்னலின் அடிச்சட்டம் வழியாகத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடிக்கும், அம்மா பழைய வேட்டி, கோணிப்பை, அப்பாவின் லுங்கி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துக்கொண்டே இருந்தார், நான் பிழிந்து பிழிந்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் அது உள்ளே வந்து வெளியே போவது தெரிந்தது. கண்ணாடி வளையும் என்று அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு. எதிர் வீட்டு மாடியில் இருந்த கறுப்பு தண்ணீர் டேங்க், காலியாக இருந்திருக்கும் போல, உருண்டு, எழுந்து, பறந்தே போனது. எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் பிற்பகலுக்குப் பிறகு திடீரென்று எல்லாம் நின்றது. நின்றது என்றால் சுத்தமாக நின்றது. வானம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. தெரு முழுக்க ஆட்கள் செல்போனோடு இறங்கிவிட்டார்கள், சாய்ந்த மரத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி, ஒருவர் பைக்கை மரக்கிளைக்கு அடியில் இருந்து இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கீழ் வீட்டில் ஒரு தாத்தா, ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். "டேய் உள்ளே போங்கடா, இன்னும் பாதி இருக்கு, இப்ப தெற்கால இருந்து வரும்!"

வந்தது. அவர் சொன்ன மாதிரியே தெற்கிலிருந்து. நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக. அது கிழக்கே இருந்து நம்மை நோக்கி வரும்போது முதல் பாதியில் நமக்கு வடக்குக் காற்று. நடுவில் கண் பகுதி, அமைதி. கண் தாண்டியதும் பின்பாதி, அதில் தெற்குக் காற்று. காலையெல்லாம் ஒரு பக்கமாக வளைந்து வேர் தளர்ந்துபோன மரத்தை, சாயங்காலம் எதிர்ப்பக்கம் இருந்து ஒருவன் வந்து தள்ளினால் என்ன ஆகும்? எங்கள் தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் காலைக் காற்றைத் தாங்கிவிட்டது, பின்பாதியில்தான் போனது, நடைபாதை சிமென்ட்டையும் பெயர்த்துக்கொண்டு. அதன் வேரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், அவ்வளவு பெரிய மரத்துக்குத் தொட்டி வைத்த செடி மாதிரி சதுரமாக வேர், சுற்றிலும் சிமென்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது எங்கே போகும் பாவம். நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மரம் போனது. வண்டலூர் உயிரியல் பூங்காவையே பல வாரம் மூடி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தூக்க வேண்டும். ஏ.டி.எம்.மில் முன்பே பணம் இல்லை, இப்போது கார்டு மெஷினும் செத்துப்போனது. அண்ணாச்சி கடை நோட்டுப் புத்தகம்தான் எங்களைக் காப்பாற்றியது. எல்லாம் சரி, ஆனால் ஒன்று கவனியுங்கள். வர்தா வேகமாக வந்தது, அடித்தது, உள்ளே போய்விட்டது. மழையும் நன்றாகத்தான் பெய்தது, தேங்கவும் தேங்கியது, ஆனால் எங்கள் பக்கம் வடிந்துவிட்டது.

இப்போது மிக்ஜாம். 2023 டிசம்பர். கல்யாணமாகி மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு வந்துவிட்டேன். டி.வி.யில் சொன்னது என்ன? ஆந்திராவில் கடக்கும், அதற்கு முன்னால் சென்னைக்கு அருகே வரும். எல்லோருக்கும் காதில் விழுந்தது "ஆந்திரா" மட்டும்தான். என் மனைவி ஓங்கோலில் இருக்கிற அவர் அத்தைக்கு போன் போட்டு, பத்திரமாக இருங்கள், மெழுகுவர்த்தி வாங்கி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புயல் 5-ம் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில் கரையைக் கடந்தது, இங்கிருந்து 300 கி.மீ.க்கு மேல் வடக்கே. ஆனால் 3-ம் தேதி இரவும் 4-ம் தேதி முழுக்கவும் அது நம் கடலில் சுமார் 100 கி.மீ. தள்ளி மெதுவாக ஊர்ந்துகொண்டு, கடலில் இருந்த ஈரத்தையெல்லாம் நம் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் சில இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் மழை. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர், விமானமே இல்லை.

வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று நினைக்கிறோம் இல்லையா? முதலில் வந்தது கரப்பான்பூச்சி. குளியலறைச் சல்லடையில் இருந்து வரிசையாக ஏறி வந்தன, சுவரில் மேலே மேலே போயின. கொஞ்ச நேரத்தில் அதே சல்லடையில் இருந்து குபுகுபு என்று சத்தம், அப்புறம் தண்ணீர், அதுவும் எந்தத் தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் மணல் மூட்டை போட்டிருந்த எதிர் வீட்டுக்காரர் வீட்டிலும் அதே கதைதான், அவர் மூட்டை உள்ளே வந்த தண்ணீரை வெளியே போக விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது! நாங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றி டைனிங் டேபிளில் ஏற்றினோம், மெயின் ஸ்விட்சை அணைத்தோம், துணி, சர்டிஃபிகேட் பை, மாமியார் மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு மாடி வீட்டு அக்காவிடம் போய்விட்டோம். இரவு முழுக்க கீழே எங்கள் சமையலறையில் இருந்து டங் டங் என்று சத்தம். பாதி காலியான கேஸ் சிலிண்டர் மிதந்து போய் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது. மாடி வீட்டு அக்கா இரண்டு குடும்பத்துக்கும் உப்புமா கிண்டிப் போட்டார், நான் இன்றைக்கு வரை அவர் வீட்டு உப்புமாவைக் குறை சொன்னதில்லை, அது வேறு விஷயம். மறுநாள் தெருவுக்குள் மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்தார்கள். கடலில் ஓடுகிற படகு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி வளைந்து வருகிறது, ஓட்டுகிற பையன் "அண்ணே, குழந்தை யாராவது இருக்காங்களா, பால் வேணுமா" என்று ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வருகிறான்.

தண்ணீர் ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடைசியில் கடல். சதுப்பு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்கிக் கட்டடம் கட்டியாயிற்று, சரி, அது பழைய புலம்பல். ஆனால் புயல் பக்கத்திலேயே நின்றால் கடல் மட்டமும் உயர்ந்து நிற்கும், முகத்துவாரத்தில் கடல் நம் ஊர்த் தண்ணீரை உள்ளே வாங்காது. அடையாறுக்கும் கூவத்துக்கும் இதே கதிதான். மேலே இருந்து கொட்டுகிறது, கீழே கதவு சாத்தியிருக்கிறது.

என் சித்தி பையன் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறான். 2017-ல் ஹார்வி வந்தபோது அவனுக்கும் இதேதான் நடந்தது. அது ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் என்ற ஊர் பக்கம் கரையைக் கடந்தது, ஹூஸ்டனில் இருந்து நன்றாகத் தள்ளி. அவர்கள் தரவரிசையில் கேட்டகரி 4. அங்கே கடந்து வலுவிழந்த பிறகு நகராமல் அந்தப் பகுதியிலேயே சுற்றிச் சுற்றி வந்து, ஹூஸ்டன் வட்டாரத்தில் சில இடங்களில் 100 செ.மீ.க்கு மேல் கொட்டியது. "கேட்டகரி நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்டா, அது காற்றுக்கு மட்டும்தான், மழைக்கு இல்லை" என்பான். நம் ஊரிலும் அப்படியே. தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கடந்ததே, சாதாரணப் புயல்தான் தரவரிசையில். கடந்த பிறகு பல மணி நேரம் நகரவில்லை, அப்புறம் மெதுவாகத்தான் உள்ளே போனது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை எடுத்துப் படியுங்கள், ஆரம்பத்திலேயே ஒரு வரி இருக்கும், கடந்த ஆறு மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் இந்தத் திசையில் நகர்ந்து, என்று. எல்லோரும் தாண்டிப் போகிற வரி அது. 20 என்று இருந்தால் அடித்துவிட்டுப் போய்விடும், காற்றைப் பாருங்கள். 7, 8 என்று இருந்து, அதுவும் நம் கரைக்குப் பக்கத்தில் இருந்தால், எங்கே கடந்தால் என்ன, தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் சாமானை ஏற்றுங்கள்.

மாடியில் இருக்கிறவர்களுக்கு வேறு வேலை. தண்ணீர் டேங்க்கை நிரப்பி வையுங்கள், குடிக்கவும் ஆகும், பறக்காமலும் இருக்கும். பூந்தொட்டி, டிஷ் ஆன்டெனா, ஷீட் எல்லாவற்றையும் இறக்குங்கள் அல்லது கட்டுங்கள். கண் பகுதி அமைதியில் கீழே இறங்காதீர்கள். தரைத்தளக்காரர்கள் குளியலறைச் சல்லடையைப் பழைய துணியும் பாலித்தீன் கவரும் வைத்து அடைத்து, மேலே அம்மிக்கல் மாதிரி கனமாக எதையாவது வையுங்கள், முழுக்க நிற்காது, ஆனால் சாமான் ஏற்ற நேரம் கிடைக்கும். சிலிண்டரை மூடிச் சங்கிலியால் கட்டுங்கள்.

வண்டி விஷயம். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார் நிறுத்தினார்களே, வெளியூர்க்காரர்கள் மீம் போட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தண்ணீரில் நின்ற காரின் மெக்கானிக் பில்லைப் பார்த்தவன் சிரிக்க மாட்டான். அப்படி நின்றுவிட்டால் தயவுசெய்து சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள், இன்ஜின் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டால் மொத்தமாகப் போய்விடும், சாதாரண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் அதற்குப் பணம் வராது, இன்ஜின் ப்ரொடெக்ட் தனியாகப் போட்டிருக்க வேண்டும். இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

இன்னும் ஒரு விஷயம் கேட்டிருந்தீர்கள், வெள்ளம் வடிந்த பிறகு சம்ப்பை, அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர் என்று. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன், அதில் சாக்கடை கலந்த சம்ப்புக்கும் மழைநீர் மட்டும் போன சம்ப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. கமெண்டில் உங்கள் ஏரியா, எந்த மாடி, இரண்டையும் போடுங்கள், முடிந்தவரை பதில் சொல்கிறேன். போனை இப்போதே சார்ஜில் போடுங்கள், பார்க்கலாம் மக்களே.