தலைநகர் இல்லாத டோக்கெலாவ்

அன்பர்களே, வணக்கம்.

பசிபிக் கடலில் சமோவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி மூன்று பவளத்தீவுகள் இருக்கின்றன. அடாஃபு, நுகுநோனு, ஃபகாவோஃபோ. மூன்றும் சேர்ந்ததுதான் நியூசிலாந்தின் ஆளுகையில் உள்ள டோக்கெலாவ். மொத்த நிலம் பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மக்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில்.

ஒவ்வொரு தீவும் நடுவில் காயல், சுற்றிலும் சிறு சிறு திட்டுகள் என்று அமைந்தது. நிலம் கடல் மட்டத்துக்கு மேலே சில மீட்டர்தான். ஆறு கிடையாது, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். விமான நிலையமும் இல்லை, துறைமுகமும் இல்லை. சமோவாவின் ஆபியாவிலிருந்து கப்பல் ஒரு நாளுக்கு மேல் ஓடி, பவளப்பாருக்கு வெளியே நிற்கும். அரிசி மூட்டையானாலும் நோயாளியானாலும் அங்கிருந்து சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும்.

சரி, இப்படிப்பட்ட இடத்தை எப்படி ஆள்வது? ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகவே பல மணி நேரக் கடல். இதில் எந்தத் தீவைத் தலைநகராக்குவது? எதையும் ஆக்கவில்லை! ஒவ்வொரு தீவும் ஃபைபுலே என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மூவரும் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து ‘உலு’ ஆகிறார்கள், அதாவது டோக்கெலாவ் அரசாங்கத்தின் தலைவர். பொதுச் சபையும் அந்த ஆண்டின் உலு எந்தத் தீவைச் சேர்ந்தவரோ அங்கே கூடும். பெரிய நாடுகள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஏற்பாடு இது என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட முக்கியம், அதிகாரம் எங்கே பிறக்கிறது என்பது. ஊர்ப் பெரியவர்கள் கூடும் தௌபுலேகா என்ற சபைதான் அங்கே அடிப்படை. பள்ளி, மருத்துவமனை, ஊர் வேலை எல்லாம் அதன் பொறுப்பு. மூன்று ஊரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியதை மட்டும் அது பொதுச் சபைக்கு விட்டுக்கொடுக்கிறது. 1996-இல் டோக்கெலாவுக்குச் சட்டம் இயற்றும் உரிமையை நியூசிலாந்து அந்தப் பொதுச் சபைக்கு அளித்தது.

அப்புறம், இனாதி. ஊர் சேர்ந்து பிடித்த மீனைக் கரையில் கூறுகூறாக வைப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டுக்கும், கிழவி தனியாக இருக்கும் வீட்டுக்கும் பங்கு உண்டு. நம் ஊர் நிர்வாகப் புத்தகங்களில் ‘சமூகப் பாதுகாப்பு’ என்று பக்கம் பக்கமாக எழுதுவது அங்கே மணலில் நடக்கிறது.

தன்னாட்சி வேண்டுமா என்று 2006-இல் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவை. 60 சதவீதம்தான் கிடைத்தது. 2007-இல் மறுபடி. இந்த முறை அந்த மூன்றில் இரண்டு பங்கை எட்டப் பதினாறு வாக்குகள் குறைந்தன. அடிமைத்தனத்தில் ஆசை என்று இதைப் பேசுவோரைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. டோக்கெலாவ் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். தீவுகளில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு உறவினர்கள் நியூசிலாந்தில் வாழ்கிறார்கள், அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. கப்பலுக்கும் மருந்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் வரும் பணத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான். அதை எல்லாம் எடைபோட்ட பிறகுதான் சிலர் ‘இப்போது வேண்டாம்’ என்றார்கள்.

ஊர் ஆட்சியை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2012-இல் மூன்று தீவுகளிலும் சூரிய மின்தகடுகள் வந்தன. அதுவரை மின்சாரத்துக்கான டீசல் பீப்பாய்களும் அதே பவளப்பாரைத் தாண்டித்தான் படகில் இறங்கிக்கொண்டிருந்தன.